இசைக்குழுவில் பியானோவின் இடம்

கட்டைகளை அழுத்தி வாசிக்கும் கருவிகளுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. குழலும் எக்காளமும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே ஒலிக்கும். பியானோவோ பத்து விரல்களுக்கும் வேலை கொடுப்பது. மெட்டு, மெட்டுக்குத் துணையாக ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டு, தாளம் ஆகிய மூன்றையும் ஒருவரே அதில் வழங்கலாம். அதன் 88 கட்டைகளுள் அடிக்கட்டை விநாடிக்கு 27.5 அதிர்வும், உச்சிக்கட்டை ஏறக்குறைய 4,186 அதிர்வும் உடையவை. இசைக்குழுவின் பெரும்பாலான கருவிகள் எழுப்பும் சுரங்கள் இவ்வெல்லைக்குள் அடங்கிவிடுகின்றன. எனவே, தனித்திருக்கும் பியானோக் கலைஞர் தாமே ஒரு சிறிய இசைக்குழு எனலாம்.

இச்சிறப்பே குழுவில் சேர்ந்ததும் இடையூறாக மாறிவிடுகிறது. தனியே வாசித்துத் தேர்ந்தவர், பிறர் செய்யும் பணியையும் தம் கைகளாலேயே செய்துகொண்டிருப்பார். இந்நிலையிலிருந்து ஒரு கலைஞர் எவ்வாறு வளர்கிறார் என்பதற்கு, அமெரிக்க ஜாஸ் இசை உலகில் ‘கவுண்ட் பேஸி’ என்று புகழ்பெற்ற வில்லியம் பேஸியின் வாழ்க்கை சிறந்த சான்றாகும்.

இடக்கை கற்ற வித்தை

பேஸி 1904 ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரெட் பாங்க் நகரில் பிறந்தார். இளமையில் அவருக்கு டிரம் வாசிப்பதிலேயே நாட்டம் இருந்தது. ஆனால், பின்னாளில் டியூக் எல்லிங்டன் குழுவில் டிரம் வாசித்துப் பெயர் பெற்ற சன்னி கிரீர் அவ்வட்டாரத்தில் இருந்தார். அவருடைய திறமையைக் கண்டபின் பேஸி பியானோவிலேயே கருத்தைச் செலுத்தலானார். நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குச் சென்றபோது ஜேம்ஸ் பி. ஜான்சன், ஃபாட்ஸ் வாலர் போன்ற வல்லுநர்களின் வாசிப்பைக் கேட்டார். லிங்கன் தியேட்டரில் ஊமைப்படங்களுக்கு ஆர்கன் வாசித்துவந்த வாலரிடம் அக்கருவியையும் கற்றுக்கொண்டார்.

அக்காலத்து ஹார்லெம் பாணிக்கு ‘ஸ்டிரைட்’ என்று பெயர். நீண்ட எட்டு வைத்து நடத்தல் என்பது அதன் பொருள். நான்கு எண்ணிக்கை கொண்ட தாளத்தில், 1 ஆம், 3 ஆம் எண்ணிக்கைகளில் இடக்கை மிகத் தாழ்ந்த சுரத்தைத் தொடும். 2 ஆம், 4 ஆம் எண்ணிக்கைகளில் நடுப்பகுதிக்குத் தாவிச் சுரக்கூட்டை ஒலிக்கும். இவ்வாறு இடக்கை ஓயாது தாவிக்கொண்டிருக்க, வலக்கை மெட்டை அலங்கரிக்கும். இப்பாணியில் பேஸி பெற்றிருந்த ஆற்றலை, 1932 இல் பென்னி மோட்டன் குழுவினர் பதிவு செய்த ‘பிரின்ஸ் ஆஃப் வெய்ல்ஸ்’ என்னும் இசைத்தட்டில் தெளிவாகக் கேட்கலாம்.

நால்வர் பகிர்ந்த பணி

நாடகக் குழு ஒன்றோடு ஊர் ஊராகச் சென்ற பேஸி, அக்குழு கலைந்ததனால் 1927 இல் கான்சாஸ் சிட்டியில் தங்க நேர்ந்தது. 1928 இல் வால்டர் பேஜ் நடத்திய ‘புளூ டெவில்ஸ்’ குழுவிலும், 1929 இல் மோட்டன் குழுவிலும் சேர்ந்தார். 1935 இல் மோட்டன் காலமான பிறகு, பேஸி தம் பெயரிலேயே ஒரு குழுவை அமைத்து ரீனோ கிளப்பில் வாசித்துவந்தார். 1936 இல் வானொலி வழியாக அதைக் கேட்ட ஜான் ஹாமண்ட் என்னும் இசை ஆர்வலரின் முயற்சியால் குழு நியூயார்க்குக்கு வந்தது. 1937 இல் கிதார் கலைஞர் ஃபிரெடி கிரீன் வந்து சேர்ந்தார்.

இப்போது குழுவின் தாளப் பகுதியில் நால்வர் இருந்தனர். வால்டர் பேஜ் டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவியில் நான்கு எண்ணிக்கைக்கும் ஒவ்வொரு தாழ்ந்த சுரமாக நடந்து சென்றார். கிரீன் அதே நான்கு எண்ணிக்கைக்கும் சுரக்கூட்டுகளை மெல்ல மீட்டினார். ஜோ ஜோன்ஸ் காலால் மூடித் திறக்கும் ‘ஹை-ஹாட்’ என்னும் இரட்டைத் தட்டில் தாளத்தை ஓடவிட்டார். முன்பு பேஸியின் இடக்கை ஒன்றே செய்துவந்த பணியை இப்போது மூவர் செய்தனர்.

இந்நிலையில் பேஸியும் பழைய பாணியிலேயே வாசித்திருந்தால் இசை கலங்கியிருக்கும். அதற்குக் காரணம் ஒலியின் இயல்பிலேயே உள்ளது. பியானோவின் நடுவிலுள்ள ‘சி’ சுரத்துக்கும் அடுத்த கட்டைக்கும் இடையே விநாடிக்கு ஏறக்குறைய 16 அதிர்வு வேறுபாடு உண்டு. டபுள் பேஸின் அடிநரம்பு எழுப்பும் 41 அதிர்வுச் சுரத்துக்கும் அதற்கு அடுத்த சுரத்துக்குமோ வேறுபாடு 3 அதிர்வுகூட இல்லை. இத்துணை நெருங்கிய தாழ்சுரங்கள் ஒருங்கே ஒலித்தால் காது அவற்றைப் பிரித்தறிய இயலாது. உறுமல் போன்ற மங்கலான ஒலியே எஞ்சும். மேலும், இருவர் ஒரே எண்ணிக்கையைத் தனித்தனியே தட்டும்போது இம்மியளவு முன்பின் ஆனாலும் தாளத்தின் கூர்மை மழுங்கிவிடும்.

விட்டதும் பெற்றதும்

பேஸி இடக்கையின் ஓட்டத்தைப் பெரிதும் குறைத்தார். ஆனால், சும்மா இருந்துவிடவில்லை. பாட்டு தொடங்குமுன் தாளப் பகுதியினரோடு மட்டும் சிறிது நேரம் வாசித்துக் காலப்பிரமாணத்தை நிலைநிறுத்துவார். அது பொருந்திய பின்னரே மற்றக் கருவிகள் நுழையும். எக்காளங்களும் சாக்சபோன்களும் ஒரு சொற்றொடரை முடித்து மூச்சு வாங்கும் இடைவெளியில், மேல் ஸ்தாயியில் இரண்டு மூன்று சுரங்களைப் பதிப்பார். தனி வாசிப்பில் ஈடுபட்டவருக்கு வேண்டிய தருணத்தில் ஒரே ஒரு சுரக்கூட்டைத் தந்து ஊக்குவார். 1937 இல் பதிவான ‘ஒன் ஓ’கிளாக் ஜம்ப்’ இம்முறைக்கு நல்ல எடுத்துக்காட்டு. பெருங்குழு முழங்கி நிற்கும் வேளையிலும் அச்சிறு சுரங்கள் தனித்துக் கேட்பதற்கு, அவற்றைச் சுற்றியுள்ள மௌனமே காரணம்.

இதற்கு விரல் பயிற்சி மட்டும் போதாது. செவிப் பயிற்சி வேண்டும். அடுத்தவர் எங்கே முடிப்பார், எங்கே தொடங்குவார் என்பதை முன்னரே உணர வேண்டும். கான்சாஸ் சிட்டிக் குழுக்களில் பல பாட்டுகள் தாளில் எழுதப்படாமல், ஒருவர் வாசித்த சிறு தொடரை மற்றவர் பற்றிக்கொள்ள அங்கேயே உருவாயின. அச்சூழலில் பிறரைக் கேளாதவர் ஒரு நாளும் நிலைத்திருக்க முடியாது.

பேஸியின் சிக்கனத்தைக் கண்டு, அவருக்கு அவ்வளவுதான் வாசிக்கத் தெரியும் என்று கருதுவது பிழை. 1932 ஆம் ஆண்டு இசைத்தட்டே அதற்கு மறுப்பு. உள்ளதை வேண்டுமென்றே விடுவது வேறு. இல்லாமையால் விடுவது வேறு. எதை விடலாம் என்று அறிவதற்கு முதலில் அனைத்தையும் கற்றிருத்தல் வேண்டும். ஆகவே, தனிப்பயிற்சியும் குழுப்பயிற்சியும் ஒன்றற்கொன்று பகையல்ல. முன்னது பின்னதற்கு முதல்.

இன்றைய மின்னணு இசைப்பலகையில் இச்சோதனை இன்னும் பெரிது. வயலின் கூட்டம், எக்காளம், ஆர்கன், டிரம் ஆகிய அனைத்தின் ஒலிகளும் அதில் அடங்கியுள்ளன. பேஸ் கிதாரும் டிரம்மும் உள்ள குழுவில் புதிதாகச் சேரும் இளைஞர் முதலில் செய்யத்தக்கவை சில உண்டு: தாழ்சுரங்களைப் பேஸ் கிதாருக்கு விட்டுவிடுதல், பாடகர் பாடும் ஸ்தாயியில் அடர்த்தியான சுரக்கூட்டுகளைத் தவிர்த்தல், ஒத்திகையைப் பதிவு செய்து, தம் வாசிப்பை எடுத்துவிட்டால் பாட்டுக்குக் குறை தோன்றுகிறதா என்று கேட்டுப் பார்த்தல். குறை தோன்றாத இடத்தில் அவ்வாசிப்பு தேவையற்றது. தோன்றும் இடமே அவருக்கு உரிய இடம்.

பேஸி 1984 இல் மறையும்வரை தம் குழுவை வழிநடத்தினார். அருகில் அமர்ந்து கிதார் மீட்டிய கிரீனும், தனி வாசிப்பை நாடாமலே, தாம் மறைந்த 1987 வரை ஏறக்குறைய 50 ஆண்டுக்காலம் அக்குழுவோடு இணைந்திருந்தார். தனித்து ஒலிப்பதைக் குறைத்துக்கொண்ட இருவராலும் ஒரு பெருங்குழு அரை நூற்றாண்டு ஒலித்தது. குழுவில் வாசிப்பவரின் வளர்ச்சியை விரல்களின் விரைவைக் கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது. அவர் இருப்பதால் மற்றவர் எவ்வளவு நன்றாக ஒலிக்கின்றனர் என்பதே அதற்கு உரிய அளவுகோலாகும்.