இரு சாசனங்கள்

கண்டி மாநகரிலே தலதா மாளிகையை அடுத்து, செதுக்கு வேலைப்பாடமைந்த மரத்தூண்கள் தாங்க நிற்பது மகுல் மடுவை என வழங்கும் பழைய அரசவை மண்டபம். 1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆந் திகதி அம்மண்டபத்தில் ஒரு பத்திரம் வாசிக்கப்பட்டது. பன்னிரண்டு பிரிவுகளே கொண்ட சிறு பத்திரம். ஒருபுறம் ஆங்கிலேயத் தேசாதிபதி சேர் றொபேட் பிரவுன்றிக். மறுபுறம் கண்டிப் பிரதானிகள். இலங்கையில் எஞ்சி நின்ற கடைசி முடியரசு அன்றோடு மறைந்தது.

அதற்கு அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னர், 1215ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தேம்சு நதிக்கரைப் புற்றரையொன்றிலே இங்கிலாந்து மன்னன் யோன், மாக்னா கார்ட்டா என்னும் மகாசாசனத்துக்கு முத்திரையிட்டான். அங்கும் கொடுங்கோலன் எனப் பழிக்கப்பட்ட மன்னன். அவனை எதிர்த்த பிரபுக்கள். இங்கும் அவ்வாறே. எனினும் அது சுதந்திர வரலாற்றின் முதலேடாகப் போற்றப்படுகிறது. இதுவோ ஒரு நாட்டின் அடிமையோலையாக முடிந்தது. இவ்வேறுபாடு எதனால் வந்தது?

ஆங்கிலப் பிரபுக்கள் நாட்டுப்பற்றுடையோர், கண்டிப் பிரதானிகள் காட்டிக்கொடுத்தோர் என்று கூறிவிடுதல் எளிது. உண்மை அஃதன்று. மகாசாசனத்தை இரண்டரை மாதத்துள் பாப்பரசர் செல்லாதென அறிவித்தார். போர் மூண்டது. அப்பொழுது அப்பிரபுக்கள் செய்தது யாது? பிரான்சு நாட்டு இளவரசன் லூயியைத் தம் நாட்டுக்கு மன்னனாக வரும்படி அழைத்தனர்! அவனும் 1216இல் படையொடு வந்திறங்கினான். அவ்வாண்டு அக்டோபரில் யோன் இறந்துபடவே, அவன் மகனான ஒன்பது வயதுச் சிறுவன் என்றியின் பக்கம் பிரபுக்கள் பலர் திரும்பினர். லூயி மறுவருடம் நாடு திரும்பினான். ஊழ் சற்றே பிறழ்ந்திருப்பின் இங்கிலாந்தும் ஒரு கண்டியாகியிருக்கும்.

கண்டியில் திரும்புதற்கு ஒரு சிறுவனும் இல்லாதபடி வழியடைக்கப்பட்டது. உடன்படிக்கையின் மூன்றாம் பிரிவு, மன்னனுடைய ஆண் உறவினர் அனைவரையும் பகைவரெனச் சாற்றி, அனுமதியின்றிக் கண்டி மாகாணங்களுள் அடிவைப்பின் இராணுவச் சட்டத்தின்படி தண்டனை என விதித்தது. அதனோடு நில்லாது, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட 'மலபார்' சாதி ஆடவர் யாவரும் மீள்வதையும் அதே தண்டனையால் தடுத்தது. மலபாரிகள் என்று அக்கால ஆங்கிலேயர் குறித்தது நம் தமிழ் மக்களையே. இத்தகைய பத்திரத்தில் ஒப்பமிட்ட பிரதானிகள் சிலரின் கையொப்பத்திலே தமிழ் எழுத்துக்கள் காணப்படுவதாக அறிஞர் பலர் எடுத்துக்காட்டியிருப்பது, வரலாற்றின் குறும்பு போலும்.

மன்னன் ஸ்ரீ விக்கிரமராசசிங்கன், கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய நாயக்கர் குலத்தான், 1798இல் முடிசூடியவன். தமிழன் என்பதற்காக அவன் குற்றத்தை மறைத்தல் நமக்கு அழகன்று. எகலப்பொலை அதிகாரம் கிளர்ந்தெழுந்ததற்காக 1814இல் அவர் மனைவியையும் மக்களையும் கொல்வித்த பாதகம் அவனைச் சார்ந்தது. இன்று மாலைதோறும் நாம் உலாவி மகிழும் கண்டி வாவியும் அக்காலக் குடிகளின் கட்டாய உழைப்பால் வெட்டப்பெற்றதே. ஆதலின் அவன் வீழ்ச்சியை விடுதலையென்று பலர் எண்ணியதில் வியப்பில்லை. உடன்படிக்கையும் சித்திரவதையையும் உறுப்புக் குறைத்தலையும் ஒழித்தது; பௌத்த சமயத்தைக் காப்பதாகவும் பிரதானிகளின் உரிமைகளைப் பேணுவதாகவும் வாக்களித்தது.

வாக்கைக் காப்பதற்குப் பிணை யாது? மகாசாசனத்தின் அறுபத்தோராம் பிரிவு, மன்னன் சொற்பிழைத்தால் அவன் கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்ற இருபத்தைந்து பிரபுக்களுக்கு அதிகாரம் அளித்தது. அப்பிரிவு பின்வந்த படிகளில் நீக்கப்பட்டது உண்மையே. ஆயினும் ஆள்வோனைக் கேட்கவும் ஆளுண்டு என்னும் எண்ணம் மாயவில்லை. கண்டிப் பத்திரத்திலோ அத்தகைய ஒரு சொல்லும் இல்லை. நீதி பழைய முறைப்படி நடைபெறும் என்னும் எட்டாம் பிரிவிலும், முறைகேடுகளைத் திருத்த வேண்டும்பொழுதெல்லாம் தலையிடும் உரிமை அரசாங்கத்துக்கு உண்டென ஒரு வாசகம் ஒட்டிவைக்கப்பட்டது. அவ்வொட்டே வீட்டினுள் நுழையும் கதவாயிற்று.

மூன்றாண்டும் சென்றிலது. 1817இல் ஊவாவிலும் வெல்லச்சையிலும் கிளர்ச்சி எழுந்தது. அதை அடக்குமாறு ஆங்கிலேயர் அனுப்பியவர் ஊவாத் திசாவையாகிய கெப்பெட்டிப்பொலை. உடன்படிக்கையில் ஒப்பமிட்டோருள் ஒருவர். அவர் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். சேருமுன், அரசாங்கம் தந்த ஆயுதங்களைத் திருப்பியனுப்பினார் என்பர். பகைவன் படைக்கலத்தால் பகைவனை எறிதல் அவருக்கு ஒவ்வாததாயிற்று.

அக்கிளர்ச்சியில் மக்கள் அரசனென ஏற்ற வில்பாவை என்பவன், தன்னை நாயக்கர் குலத்துத் துரைசாமி என்றே கூறிக்கொண்டான். மூன்றாம் பிரிவு எந்தக் குலத்தைப் பகையென்று விலக்கியதோ, அக்குலத்தின் பெயரையே மலைநாட்டுச் சிங்களக் குடியானவர் தம் விடுதலைக்குக் கொடியாக ஏந்தினர். இதனை நம் பாடநூல்கள் போதிய அளவு எடுத்துரைப்பதில்லை என்பது என் மனக்குறை.

1818 நவம்பர் 21இல் வெளியான பிரகடனம் பிரதானிகளின் அதிகாரங்களைப் பெரிதும் பறித்தது. ஐந்து நாள் கழித்து, போகம்பரையில் கெப்பெட்டிப்பொலை சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் தலையோடு எடின்பரோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு, சுதந்திரத்துக்குப் பின்னரே கண்டிக்கு மீண்டது. ஆங்கிலேயரை வரவேற்ற எகலப்பொலையும் ஐயத்துக்குள்ளாகிச் சிறைப்பட்டு, 1825இல் மொரீசியசுக்கு நாடு கடத்தப்பட்டு, 1829இல் அங்கேயே இறந்தார். அவர் வீழ்த்திய மன்னன் வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் மாண்டான்.

இனி அம்மூன்றாம் பிரிவு என்னாயிற்று? 'மலபார்' ஆடவர் புகலாகாதெனத் தடுத்த அதே அரசாங்கத்தின் காலத்தில், 1820களில் கம்பளையை அண்டிக் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. அத்தோட்டங்களுக்காகத் தென்னிந்தியத் தமிழர் ஆயிரக்கணக்கில் இம்மலைகளுக்கு அழைத்துவரப்பட்டனர். கோப்பி அழிந்து தேயிலை தழைத்தபோதும் அவர் உழைப்பே நின்றது. 1948 பெப்ரவரியில் நாடு சுதந்திரம் எய்தியது; அவ்வாண்டு முடியுமுன்னரே இயற்றப்பட்ட பிரசாவுரிமைச் சட்டத்தால் அவருள் மிகப் பெரும்பாலோர் நாடற்றோராயினர். பின்னர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் போக, எஞ்சியோருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கும் இறுதிச் சட்டம் 2003ஆம் ஆண்டிலேயே நிறைவேறியது.