தோண்டி வரும் செம்புக்காசு: விலை பேசும் முன் கவனிக்க வேண்டியவை

பழைய இரும்பு, செம்பு, பித்தளை வாங்கி விற்பது நமது வியாபாரிகளுக்குப் பழகிய தொழில். மூட்டையைப் பிரிப்போம், காந்தம் வைத்துப் பார்ப்போம், தராசில் போடுவோம், காசைக் கொடுத்து அனுப்புவோம். ஆனால் அதே மூட்டைக்குள் பச்சை பிடித்த செம்புக்காசு நாலைந்தும், மண் ஒட்டிய குத்துவிளக்கு ஒன்றும் கிடந்தால் என்ன செய்வது? கிலோக் கணக்கில் வாங்கிவிடலாமா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வாங்குபவர் தன் முதலோடு தன் பெயரையும் பணயம் வைக்கிறார்.

அமெரிக்காவின் மேற்குப் பாலைவனங்களில் தங்கம், வெள்ளிச் சுரங்கங்களை நம்பி எழுந்து, பின்னர் ஆளில்லாமல் போன ஊர்கள் பல உண்டு. உலோகம் கண்டறியும் கருவியோடு அங்கே பழைய காசும் பொத்தானும் தேடுவது பலருக்குப் பொழுதுபோக்கு. ஆனாலும் மத்திய அரசின் காணியில் 100 வருடத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை அனுமதியின்றி எடுப்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பாலைவனத்துக்கே இப்படியென்றால், நமது யாழ்ப்பாணத் தீவகத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

சுருவில், நாரந்தனை, கரம்பன், வேலணை, புங்குடுதீவு ஆகிய ஊர்களின் மக்களில் பெரும்பாலானோர் 1990, 1991ஆம் ஆண்டுகளில் போரினால் இடம்பெயர்ந்தார்கள். ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். பலர் கனடாவிலும் ஐரோப்பாவிலும் தங்கிவிட்டார்கள். கூரை விழுந்த வீடுகளும் பற்றை மூடிய வளவுகளும் தீவகத்தில் இன்றும் உண்டு. ஆளில்லாத வளவு என்றால் கருவியோடு போக ஆசைப்படுபவர்களும் இருக்கத்தான் செய்வார்கள்.

கருவி என்ன செய்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். அதன் வட்டத்திலுள்ள கம்பிச் சுருளில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் சிறு மின்னோட்டம் எழுகிறது. அதை உணர்ந்து கருவி சத்தமிடுகிறது. சாதாரணக் கருவி சிறு காசை ஒரு சாண் ஆழம் வரையில்தான் காட்டும். சோடா மூடிக்கும் தகரத்துக்கும் அது கத்தும். உப்பு மண்ணில் ஒன்றுமில்லாமலே கத்தும். “பத்தடிக்குக் கீழே தங்கம் காட்டும் ஸ்கேனர்” என்று விலை சொல்பவர்களிடம் ஏமாற வேண்டாம். இன்னொன்று, கண்ணிவெடி அகற்றுபவர்களும் இதே வகைக் கருவியைத்தான் பிடிக்கிறார்கள். போர் நடந்த மண்ணில் சத்தம் வந்த இடத்தில் மண்வெட்டியைப் போடுவது உயிரோடு விளையாடுவது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின்படி, மண்ணுக்குள் இருக்கும் தொல்பொருள் அரசுக்குச் சொந்தம். காணிக்காரரே தோண்டி எடுத்தாலும் அறிவிக்க வேண்டும். தொல்பொருள் என்பதற்கு அந்தச் சட்டம் போட்ட கோடு 1815 மார்ச் 2ஆம் திகதி. ஒல்லாந்தர் 1658 முதல் 1795 வரை யாழ்ப்பாணத்தை ஆண்டார்கள். ஆகவே அவர்களின் விஓசி முத்திரை பதித்த செம்புக்காசும், யாழ்ப்பாண மன்னர்களின் நந்தி பொறித்த சேதுக் காசும் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான். 1998இல் வந்த திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. 1988ஆம் ஆண்டின் 73ஆம் இலக்கச் சட்டமோ கலாசாரப் பொருட்களை ஏற்றுமதி செய்யவும், அவற்றை வியாபாரமாக விற்கவும் அனுமதிப்பத்திரம் கேட்கிறது.

சட்டம் கெடுபிடியாகத் தெரியலாம். அதற்குக் காரணம் இருக்கிறது. 1970களில் அதே தீவின் அல்லைப்பிட்டியில் சீனத்துப் பீங்கான் ஓடுகள் ஒரே குவியலாகக் கிடைத்தன. ஏறக்குறைய 900 வருடத்துக்கு முன் சீனப் பொருள் இந்தத் துறைக்கு வந்து இறங்கியதற்கு அவை சாட்சி. ஒவ்வொன்றாகப் பொறுக்கி விற்றிருந்தால் சில்லறைக் காசு கிடைத்திருக்கும். நமது துறைமுக வணிகத்தின் அத்தாட்சி போயிருக்கும்.

சரி, 1815க்குப் பிற்பட்ட பொருள் என்றால் எடுத்துக்கொள்ளலாமா? அங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 1990இல் அவசரத்தில் புதைத்துவிட்டுப் போன நகையும் பித்தளைப் பாத்திரமும் புதையல் அல்ல. அவற்றுக்கு உரியவர் இருக்கிறார், அல்லது அவரின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதே வருடம் ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நமது மக்கள் திரும்பி வந்து பார்த்தபோது கதவும் நிலையும் ஓடும் காணாமல் போயிருந்தன. யாரோ கழற்றினார்கள், யாரோ விலை கொடுத்து வாங்கினார்கள். அந்த வேதனை நமக்குத் தெரியும். நாமே அப்படி வாங்குபவராகக் கூடாது.

கண்டெடுத்த பொருளை ஒரு வருடம் அறிவித்து உரியவரைத் தேட வேண்டும் என்பதும், பண்டைய புதையலில் ஐந்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பதும் நமது மார்க்கச் சட்டத்தில் உள்ளவை. ஊரின் வழக்கமும் அதற்குத் தூரமில்லை. நயினாதீவில் 12ஆம் நூற்றாண்டின் பராக்கிரமபாகு மன்னனுடைய தமிழ்க் கல்வெட்டு உண்டு. ஊராத்துறைக்கு வரும் வெளிநாட்டு வணிகர்களைப் பற்றியது அது. யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உரியவருக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று அது விதிக்கிறது. உடைந்த கப்பலின் பொருளுக்கே உரிமையாளரை மறக்காத துறை அது.

சொல்லிச் செய்தால் நட்டம் என்று நினைக்க வேண்டாம். 1992இல் இங்கிலாந்தின் ஹொக்ஸ்ன் கிராமத்தில் எரிக் லோஸ் என்பவர், நண்பரான விவசாயி தொலைத்த சுத்தியலைக் கருவியால் தேடினார். ரோம காலத்துத் தங்க, வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. அவர் மேலே தோண்டாமல் அறிவித்தார். தொல்லியலாளர்கள் வந்து ஏறக்குறைய 15,000 காசுகளை எடுத்தார்கள். அரசு 17.5 லட்சம் பவுண் வெகுமதி கொடுத்தது. அவர் அதை விவசாயியோடு பங்கிட்டுக்கொண்டார். நமது சட்டம் வேறு. ஆனால் நேர்மையாக அறிவித்தவர் கெட்டுப்போகவில்லை என்பது எங்கும் பொருந்தும்.

கடைக்காரர்கள் செய்ய வேண்டியது இதுதான். விற்க வருபவரின் அடையாள அட்டை இலக்கம், ஊர், பொருள் கிடைத்த விதம் ஆகியவற்றைப் புத்தகத்தில் எழுதுங்கள். சொல்லத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். பழைய காசைப் புளி போட்டோ அசிட் போட்டோ தேய்க்காதீர்கள், மதிப்புப் போய்விடும். பழமையானதாகத் தெரிந்தால் தொல்பொருள் திணைக்களத்துக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள். வீட்டுப் பொருள் என்றால் கிராம உத்தியோகத்தர் மூலம் உரியவரைக் கேளுங்கள். இன்று ஒரு தொலைபேசி அழைப்பில் ரொறன்ரோவைப் பிடிக்கலாம். மூட்டைக்குள் ஷெல் போன்ற எதைக் கண்டாலும் தொடாமல் விலகி நின்று பொலிஸை அழையுங்கள்.

ஒரு மூட்டையில் கிடைக்கும் இலாபம் ஒரு நாளைக்கு. வாங்கிய பொருளுக்குக் கணக்குச் சொல்லக்கூடிய கடை என்ற பெயர் பிள்ளைகள் காலம் வரை நிற்கும்.