சோழி கிடக்கும் எழுத்து

கூலி, கடன், சரக்கு, வறுமை. சீனத்தில் இவற்றில் எதை எழுதினாலும் அந்த எழுத்தின் அடியிலோ மூலையிலோ ஒரு சோழி கிடக்கும். தாயம் உருட்டுகிறோமே, அதே சோழி.

நான் நுவரெலியா வீதியில் உள்ள ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் விற்பனைக் கூடத்தில் நிற்பவள். பஸ்ஸில் வந்து இறங்கும் சீனப் பயணிகளுக்குத் தூள் விற்கிறேன். அம்மா டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். சீனம் படிக்க வகுப்புக்குப் போக எனக்கு வசதியில்லை. களனிப் பல்கலைக்கழகத்தில் கொன்பியூசியஸ் நிறுவகம் இருக்கிறது என்றாலும் லீவு நாளில் ஹட்டனிலிருந்து களனிக்குப் போய்த் திரும்புவதற்குள் லீவே முடிந்துவிடும். ஆகவே கைத்தொலைபேசியும் பிள்ளைகள் கணக்குச் செய்கிற சதுரக் கோட்டுக் கொப்பியும்தான் எனக்குப் பள்ளிக்கூடம். ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து. எங்கள் லயத்துக்குச் சீனம் அந்நியமும் இல்லை. 1963இல் தொடங்கிய பீஜிங் வானொலியின் தமிழ் ஒலிபரப்பை அப்பா சிற்றலையில் விடாமல் கேட்பார். அந்த அறிவிப்பாளர்களின் தமிழ் எங்களுடையதைவிடச் சுத்தம் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

இங்கே ஓர் எழுத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அதன் ஓசை ஏறத்தாழ 'ட்ஸ'. செல்வம், வளம், முதல் என்ற பொருள்கள் அதற்கு உண்டு. எழுதுவதற்குப் பத்துக் கோடுகள். மேல் பாதியில் ஆறு கோடுகள்: இடப்பக்கம் ஒரு புள்ளியும் மேல்நோக்கி இழுத்த ஒரு கீறலும், வலப்பக்கம் வாயைத் திறந்து நிற்கும் மனிதனைப் போன்ற நாலு கோடுகள். கீழ்ப் பாதியில் நாலு: இடது பக்கச் சுவர், மேலே போய் வலப்பக்கம் இறங்கும் கூரை, உள்ளிருந்து கீழே சரியும் இரண்டு கால்கள். இந்தக் கீழ்ப் பாதிதான் சோழி.

மேல் பாதிக்கும் செல்வத்துக்கும் சம்பந்தம் தேட வேண்டாம். அது ஓசைக்காக வைத்தது. 'இதை ஏறக்குறைய இப்படிச் சொல்' என்று மேல் பாதி சொல்லும், 'இது காசுக் காரியம்' என்று கீழ்ப் பாதி சொல்லும். சீன எழுத்துகளில் மிகப் பெரும்பாலானவை இப்படி ஓசைக்கொரு பாதி, பொருளுக்கொரு பாதி என்று கட்டியவை. எல்லாமே படங்கள், பார்த்தால் விளங்கிவிடும் என்று சொல்கிற சுற்றுலா வழிகாட்டிகளை நம்பாதீர்கள். தேயிலைக்கான எழுத்தைக் காட்டி, 'மேலே புல், கீழே மரம், நடுவில் ஆள், அதுதான் கொழுந்து பறிக்கிற பெண்' என்று அவர்கள் சொல்வது கேட்க நன்றாயிருக்கும். உண்மையில் கசப்பான ஒரு செடியைக் குறித்த பழைய எழுத்தில் ஒரு கோட்டைக் குறைத்ததில் வந்தது அது.

ஆனால் சோழி நிஜமாகவே படம்தான். மூவாயிரம் வருடங்களுக்கு முந்திய சீன எழுத்துகளில் அது வாய் பிளந்த சோழியாகவே தெரியும். ஷாங் அரசன் வூ டிங்கின் மனைவி ஃபூ ஹாவின் கல்லறையை 1976இல் ஆன்யாங்கில் தோண்டியபோது ஏறக்குறைய 7000 சோழிகள் கிடைத்தன. அந்த ஊருக்குப் பக்கத்தில் கடல் கிடையாது. தூரத்திலிருந்து வந்த, எளிதில் உடையாத, போலி செய்யக் கஷ்டமான பொருள் என்பதால் அதற்கு மதிப்பு. பிறகு உலோகக் காசு வந்தது, சோழியின் காலம் முடிந்தது. இன்று 'காசு' என்றே எழுதும்போது பக்கத்தில் வருவது உலோகக் குறிதான், 'வங்கி' எழுதினாலும் அதுவே. ஆனால் அதற்கு முன்பே பிறந்துவிட்ட சொற்களில் சோழி அப்படியே தங்கிவிட்டது. தென்மேற்கே யுன்னான் பகுதியில் மட்டும் பதினேழாம் நூற்றாண்டுவரை சோழி காசாகவே புழங்கியது. அந்தச் சோழியில் பெரும்பங்கு மாலைதீவிலிருந்து வங்காளம் வழியாகப் போனது. நமக்குப் பக்கத்துக் கடல்.

இதைச் சொன்னபோது அப்பாயி, "அப்ப நாங்க தாயம் ஆடுறப்ப மடியில வச்சிருந்தது எல்லாம் காசா?" என்று கேட்டுவிட்டுப் பாக்கு இடிக்கப் போய்விட்டார்.

சீனக் காசுக்கணக்கு தமிழோடு ஒரே கல்லில் ஏறிய கதையும் உண்டு. காலியில் 1911இல் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டு இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. யொங்ல பேரரசரின் கடற்படைத் தளபதி செங் ஹ 1409ஆம் ஆண்டுத் தேதியோடு சீனாவிலேயே வெட்டிக் கொண்டுவந்த கல் அது. சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரையின் தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாவுக்கும் காணிக்கை. பொன் 1000, வெள்ளி 5000, பிறகு பட்டு, எண்ணெய் என்று பட்டியல் நீள்கிறது.

'ட்ஸ'வுக்குத் திரும்புகிறேன். அதன் முன்னால் 'வேலை' என்ற எழுத்தைச் சேர்த்தால் 'கோங்ட்ஸ'. சம்பளம் என்று பொருள். பின்னால் 'வேர், அடி' என்று பொருள்படும் எழுத்தைச் சேர்த்தால் மூலதனம். முன்னால் 'எறிதல்' என்ற எழுத்து வந்தால் முதலீடு. பின்னால் 'ஊற்று' வந்தால் இயற்கை வளம். அதாவது, கம்பனி போடுகிற முதலும், மலையில் கிடக்கிற வளமும், அம்மாவின் சம்பளமும் ஒரே சோழியைப் பங்கு வைத்திருக்கின்றன. எழுத்தில் மட்டும்தான். 1000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வர 2021வரை காத்திருந்தோம். அடிப்படைச் சம்பளம் 1350 ஆனது 2024இல். அதற்குள் அரிசி, மா, பஸ் கட்டணம் எல்லாம் எங்கே போயின என்று மலையகத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

'கடன்' என்ற எழுத்தில் இடப்பக்கம் ஓர் ஆள் நிற்கிறான். வலப்பக்கம் 'பொறுப்பு' என்ற எழுத்து, அதன் அடியிலும் சோழி. இதை எழுதும்போதெல்லாம் எனக்குத் துண்டு முறைதான் ஞாபகம் வரும். தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்த கங்காணி, வழிச்செலவையும் முன்பணத்தையும் அவர்கள் தலையில் கடனாக எழுதினார். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு கடன் கட்டினால் இந்த ஆளை விடுவோம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதுத் தோட்டம் அந்தக் கடனைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளும், கடன் ஆளோடு கூடவே போகும். 1921இல்தான் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். ஓர் ஆள், பக்கத்தில் பொறுப்பு, அடியில் சோழி.

'ஏழை' என்ற எழுத்து இன்னும் வேடிக்கை. மேலே 'பிரித்தல்', அதற்குள் ஒரு கத்தியே இருக்கிறது. கீழே சோழி. சொத்தைப் பிரிக்கப் பிரிக்கக் குறையும், அதனால் வறுமை என்பது சீனர்களின் பழைய விளக்கம். சம்பள நாளன்று அம்மாவிடம் இதைக் காட்டினேன். சம்பளத் துண்டில் ஈ.பி.எஃப்., சங்கச் சந்தா, கோயில், தீபாவளி அட்வான்ஸ் எல்லாம் வெட்டுப்பட்டு மிச்சம் வந்திருந்தது. அதைக் கடைக்கு, சீட்டுக்கு, தம்பியின் டியூசனுக்கு என்று அவர் கூறு வைத்துக்கொண்டிருந்தார்.

"பிரிச்சதால எப்புடிடி வறுமை வரும்? பிரிக்க வந்ததே இவ்வளவுதானே" என்றார்.

சீன அறிஞர்களுக்கு நான் பதில் எழுதுவதாக இருந்தால் இதைத்தான் எழுதுவேன்.

விற்கிற இடத்தில் நிற்பவளுக்கு வேறொரு தொல்லை. 'வாங்கு', 'வில்' இரண்டுமே சீனத்தில் 'மாய்'. குரலைக் கீழே இறக்கி மேலே தூக்கினால் வாங்குவது, ஒரேயடியாகக் கீழே போட்டால் விற்பது. எழுத்தில், 'வாங்கு' என்பதன் தலையில் ஒரு கூட்டல் குறி வைத்தால் 'வில்'. முன்பு இரண்டின் அடியிலும் சோழி இருந்ததாம். 1956இல் சீன அரசு எழுத்துகளை எளிமையாக்கியபோது இந்த இரண்டிலும் சோழி போய்விட்டது. 'ட்ஸ'விலும் பழைய சோழிக்கு ஏழு கோடுகள், இப்போது நாலு. தாய்வானிலிருந்து வருகிறவர்கள் இன்னும் ஏழு கோட்டில்தான் எழுதுவார்கள், அதனால் இரண்டையும் கண்ணுக்குப் பழக்கியிருக்கிறேன்.

நாம் கறுப்புத் தேயிலை என்பதைச் சீனர்கள் சிவப்புத் தேயிலை என்பார்கள். 'ஹோங் ச்சா' என்று கேட்டு வந்த ஒரு பெரியவர், தூளை உள்ளங்கையில் கொட்டி மோந்து பார்த்தார். ஊர் ஃபூஜியன், அவர்களும் தேயிலைக்காரர்கள்தான். என் கொப்பி கல்லாப்பெட்டிப் பக்கத்தில் திறந்து கிடந்தது. அதில் வரிசையாக எழுதியிருந்த 'கோங்ட்ஸ'வைப் பார்த்துவிட்டு, கொழுந்து பறிப்பவர்களுக்கு எவ்வளவு என்று கேட்டார். 1350 என்று எழுதிக் காட்டினேன். கைத்தொலைபேசியில் யுவானுக்கு மாற்றிப் பார்த்தவர், ஒரு மணித்தியாலத்துக்கா என்றார். பேனாவை எடுத்து, எண்ணுக்குப் பக்கத்தில் 'நாள்' என்ற எழுத்தைப் போட்டேன். ஒரு பெட்டி, நடுவில் ஒரு கோடு, அவ்வளவுதான் அது. அவர் இரண்டு பக்கெட் பி.ஓ.பி.எஃப். தூள் வாங்கினார். அலிபேயில் கட்டினார்.