பீடமேறிய டாங்கிகள்

ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஏரியில்லாத கிராமம் அரிது. கும்பினியார் காலந்தொட்டு ஆங்கில தஸ்தாவேஜுகளில் இவ்வேரிகள் யாவும் 'டாங்க்' என்ற பெயராலேயே குறிக்கப்பட்டு வந்திருக்கின்றன. குஜராத்தி முதலிய மேற்கிந்திய பாஷைகளில் நீர்த்தொட்டியைக் குறிக்கும் சொல்லொன்றும், போர்த்துகீசியரின் சொல்லொன்றும் கலந்து இப்பதம் ஆங்கிலத்தில் ஏறிற்று என்பர் அகராதிக்காரர். அந்தத் தொட்டிக்கும், யுத்தகளத்தில் உருளும் இரும்பு வண்டிக்கும் என்ன சம்பந்தம் என்று நமது நேயர்கள் வினவலாம். 1915-ம் வருஷத்தில் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தொழிற்சாலையொன்றில் அவ்வண்டியை இரகசியமாகச் செய்து வந்தார்கள். ஒற்றர் அறியாதிருக்கும்பொருட்டு, அது தண்ணீர் கொண்டுபோகும் தொட்டி என்று வெளியே சொல்லி வைத்தார்கள். 1916 செப்டம்பர் 15-ந் தேதி பிரான்ஸ் தேசத்து ஸோம் போர்க்களத்தில் அது வெளிப்பட்ட பின்னரும் அப்பொய்ப் பெயர் நீங்கவில்லை. நாமும் டாங்கி என்றே அழைத்து வருகிறோம்.

இவ்வாறு மறைப்புடன் பிறந்த ஆயுதம், வேலையினின்றும் ஓய்வு பெற்றுப் பொது இடங்களில் பீடமேறி நிற்கும்போதும் மறைப்புடனேயே நிற்கின்றது என்பது நமது புகார். ராணுவக் குடியிருப்புகளின் வாயில்களிலும், நாற்சந்திகளிலும், பூங்காக்களிலும் பழைய டாங்கிகள் வர்ணம் பூசி நிறுத்தப்பட்டிருக்கின்றன. குழந்தைகள் அவற்றின்மேல் ஏறுகிறார்கள். பெரியோர் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது எந்த நாட்டில் செய்யப்பட்டது, எந்தப் போரில் எப்பக்கம் நின்றது, அதனுள் இருந்தவர் யார் என்று வழிப்போக்கன் அறிய விரும்பினால், பல இடங்களில் அவனுக்குக் கிடைப்பது வண்டியின் பெயர் ஒன்றே. பழைய புகைப்படங்களின் கதியும் இதுவே. பீரங்கியும் சங்கிலிச் சக்கரமும் தென்பட்டால் போதும், 'பாட்டன் டாங்கி' என்று எழுதிவிடுகிறார்கள்.

டாங்கியைக் காட்சிக்கு வைக்கும் வழக்கத்தை முதலில் பெருமளவில் நடத்திக் காட்டியவர் ஆங்கிலேயரே. முதல் மகாயுத்தத்தில் கடன்பத்திரங்கள் வாங்கிப் பணம் திரட்டிய ஊர்களுக்கு வெகுமதியாக, 1919-ம் வருஷம் முதல் 260-க்கு மேற்பட்ட டாங்கிகளை அவர்கள் அனுப்பி வைத்தார்கள். இருபது வருஷங்களில் அவ்வளவும் துருப்பிடித்துப் பழைய இரும்பாயின. இரண்டாவது யுத்தம் மூண்டபோது எஞ்சியவற்றையும் உருக்கிவிட்டார்கள். கெண்ட் ஜில்லாவில் ஆஷ்போர்டு என்னும் ஊரில் மட்டும் ஒன்று பிழைத்தது. அதற்குக் காரணம் பக்தியன்று. 1929-ல் அவ்வூரார் அதன் வயிற்றைக் குடைந்து மின்சார உபநிலையம் ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். அதை எடுத்தால் விளக்கு அணையும் என்பதால் விட்டுவைத்தார்கள்.

நம் தேசத்தில் ஜனங்களின் மனத்தைக் கவர்ந்த டாங்கிக் காட்சி, 1965-ம் வருஷத்துப் பாகிஸ்தான் யுத்தத்தில் அஸல் உத்தர் என்னுமிடத்தில் கைப்பற்றப்பட்ட பாட்டன்களினுடையது. பஞ்சாபில் கேம்கரன் அருகே செப்டம்பர் 8 முதல் 10 வரை நடந்த அப்போரில், நமது சேனையின் கணக்குப்படி, பாகிஸ்தான் 97 டாங்கிகளை இழந்தது. பிக்கிவிண்டு அருகே அவற்றை வரிசை வரிசையாக நிறுத்தி வைத்த இடத்துக்கு 'பாட்டன் நகர்' என்றே பெயர் வழங்கிற்று. அப்புகைப்படங்கள் இன்றும் உலவுகின்றன. ஆயினும் அப்படத்தில் அகப்படாத செய்தி ஒன்று உண்டு. பாட்டன் அமெரிக்கச் சரக்கு. நம் பக்கத்தில் நின்று போரிட்ட செஞ்சூரியன் பிரிட்டிஷ் சரக்கு, ஷெர்மன் மீண்டும் அமெரிக்கச் சரக்கு, ஏ.எம்.எக்ஸ். வண்டியோ பிரெஞ்சுச் சரக்கு. சுதந்திரம் பெற்றுப் பதினெட்டு வருஷங்களான பின்னும், இரு தேசங்களும் வெள்ளையரின் இரும்பைக் கொண்டே ஒன்றையொன்று மோதின. அக்களத்தில் ஜீப் வண்டியொன்றில் பொருத்திய பீரங்கியைக் கொண்டு பாட்டன்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தகர்த்து, அங்கேயே உயிர் நீத்துப் பரமவீர சக்கரம் பெற்ற ஹவில்தார் அப்துல் ஹமீதின் தீரம் நம்முடையது. பீடத்தின்மேல் ஏறியதோ அமெரிக்கரின் வண்டி.

அதே 1965-ம் வருஷக் கடைசியில், ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆவடியில், கனரக வாகனத் தொழிற்சாலையினின்றும் முதல் விஜயந்தா வெளிவந்தது. பத்து வருஷங்களுக்கு முன்னர், 1955 ஜனவரியில், சோஷலிஸ்டு மாதிரியான சமுதாயமே இலட்சியம் என்று காங்கிரஸ் மகாசபை தீர்மானித்ததும் இதே ஆவடியில்தான். தீர்மானம் என்னவாயிற்று என்பது வேறு விசாரணை. தொழிற்சாலை நின்று நிலைத்தது. விஜயந்தாவை முழுச் சுதேசி என்று நாம் சாதிக்கப் போவதில்லை. 1961-ல் பிரிட்டனின் விக்கர்ஸ் கம்பெனியுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பேரில் பிறந்த வண்டி அது. வரைபடம் அவர்களுடையது, 105 மில்லிமீட்டர் பீரங்கியும் லேலண்டு எஞ்சினும் அவர்கள் வகுத்தவை. முதல் வண்டிகளுக்குப் பாகங்களே கப்பலில் வந்தன. ஆனால் அதைப் பார்த்துச் செய்து, செய்து பழகி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளை ஆக்கி முடித்த கைகள் ஆவடித் தொழிலாளருடையவை. சுமார் 39 டன் எடையுள்ள இரும்பை வார்க்கவும், ஒட்டவும், கடையவும் அங்கே கற்றுக்கொண்டார்கள். 1971 யுத்தத்தில் விஜயந்தா களம் கண்டது. பின்னர் அதே தொழிற்சாலையில் ரஷ்ய மாதிரியான அஜேயாவும், 1974-ல் அனுமதிக்கப்பெற்று நெடுங்காலம் இழுபட்ட அர்ஜுனும் உருவாயின. 2021 பிப்ரவரி 14-ந் தேதி சென்னையில் பிரதம மந்திரி சேனாதிபதியிடம் ஒப்படைத்த அர்ஜுனின் புதிய வடிவத்தை நம்மவரே வகுத்தனர் என்பது மெய். அதன் எஞ்சின் ஜெர்மானியருடையது என்பதும் மெய். இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லத் துணியாதவன் சுதேசியத்துக்கு ஊழியம் செய்தவனாகான்.

கல்லை நாட்டுபவன் தன் கதையையே அதில் வெட்டுவான் என்பதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டுவதில்லை. ஸ்ரீபெரும்புதூருக்கு மேற்கே, காஞ்சிபுரம் ஜில்லாவிலேயே, புள்ளலூர் இருக்கின்றது. 1780 செப்டம்பர் 10-ந் தேதி ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அங்கே முறியடித்தனர். திப்புவின் வாணங்கள் அன்று செய்த வேலையை ஆங்கில ஆசிரியர்களே எழுதி வைத்திருக்கின்றனர். அவ்வெற்றியின் சித்திரம் ஸ்ரீரங்கபட்டணத்து மாளிகைச் சுவரில் இருக்கிறது. புள்ளலூர் வயல்களிலோ, மறுவருஷத்துப் போரில் மாண்ட ஆங்கில அதிகாரிகளுக்கு எழுப்பிய தூண்களைக் காணலாம். அதே மண்ணில் இரு பக்கமும் மடிந்த நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு ஓர் எழுத்தும் இல்லை.

காந்தியடிகளின் தேசத்தில், அதுவும் இராமாநுஜர் அவதரித்த ஸ்தலத்தின் பக்கத்தில், கொலைக்கருவியைக் காட்சிக்கு வைக்கும் பேச்சு எதற்கு என்று நண்பர் சிலர் கேட்கக்கூடும். இக்கேள்வியை நாம் அவமதிக்கவில்லை. 2017-ல் டில்லி ஜவாஹர்லால் நேரு சர்வகலாசாலையின் துணைவேந்தர், மாணவருக்கு ராணுவத்தின் தியாகம் நினைவிலிருக்கும்படி வளாகத்தில் ஒரு டாங்கி வேண்டுமென்று விண்ணப்பித்தபோது, பெரிய வாதப் பிரதிவாதம் நடந்தது. தேசபக்தி வளரும் என்றனர் ஒரு சாரார். யுத்தவெறி வளரும் என்றனர் மறு சாரார். நாம் கேட்பது அதற்கு முந்திய கேள்வி: அந்த டாங்கியின் அடியில் என்ன எழுதப்படும்? ஒன்றும் எழுதாமல் நிறுத்தினால், அது விளையாட்டுச் சாமானாகவோ விக்கிரகமாகவோ ஆகிவிடும். உள்ளே வெந்து மாண்டவரின் தொகையையும் சேர்த்து எழுதினால், அஹிம்சாவாதிக்கும் அதில் கற்பதற்கு இடமுண்டு. சென்னை கிண்டியில் காந்தி மண்டபத்தருகே சிதம்பரம் பிள்ளையின் செக்கை வைத்திருக்கிறார்கள். அது வெறும் செக்கு. இழுத்தவர் பெயர் தெரிந்திருப்பதால்தான் அதன் முன்னே ஜனங்கள் நிற்கிறார்கள்.

மகாராஷ்டிரத்தில் அஹமத்நகரில், இப்போது அஹில்யாநகர் என்று பெயர் மாற்றப்பட்டுள்ள ஊரில், 1994 முதல் டாங்கிகளுக்கென்றே ஒரு பொருட்காட்சிசாலை ராணுவத்தாரால் நடத்தப்படுகிறது. நல்ல முயற்சி. ஆனால் அங்கே பேசுவது ஓட்டியவரின் சரித்திரம். செய்தவரின் சரித்திரம் பேச வேண்டிய இடம் தமிழ்நாடு. ஆவடித் தொழிற்சாலையின் வாயிலுக்குள் வெளியார் புக இயலாது, அது நியாயமே. ஸ்ரீபெரும்புதூரோ பெங்களூர் ராஜபாட்டையில் இருக்கிறது. கோயிலுக்கு வருவோரும், 1991-ல் ராஜீவ் காந்தி கொலையுண்ட இடத்தைக் காண வருவோரும் அங்கே கூடுகிறார்கள். இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை கொரியர், ஜெர்மானியர், ஜப்பானியர், பிரெஞ்சுக்காரர் ஆகியோரின் கம்பெனிகளில் மோட்டார் வண்டிகளைப் பூட்டும் வாலிபர் ஆயிரக்கணக்கில் உழைக்கின்றனர். ஒப்பந்தக் கூலிக்கு அந்நிய வரைபடத்தைப் பார்த்து வேலை செய்யும் அவ்விளைஞருக்கு, அதே நிலையில் தொடங்கிய ஆவடிக்காரர் எவ்வளவு தூரம் நடந்தார்கள், எங்கே நின்றுவிட்டார்கள் என்பதைக் காட்டும் சாலை ஒன்று அவசியம்.

ஆகவே மாகாண சர்க்காரும், 2021 அக்டோபர் 1 முதல் ஆவடித் தொழிற்சாலையை நிர்வகித்து வரும் கவச வாகன நிகமமும் கூடி, ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ சிப்காட் நிலத்தில் ஒரு விஜயந்தாவை நிறுத்துக. ஒரு பக்கத்துக் கவசத்தை அறுத்து, உள்ளே நால்வர் எவ்வளவு நெருக்கத்தில் அமர்ந்து சுடவும் ஓட்டவும் நேர்ந்தது என்பது தெரியும்படி வைத்தல் நலம். அடியில் தமிழில் எழுதுக: வரைபடம் யாருடையது, எந்தப் பாகம் எந்த வருஷம் முதல் இங்கே செய்யப்பட்டது, எது கடைசிவரை வெளியிலிருந்து வந்தது. பீடத்துக்கு நிலமும் பணமும் வர நாளாகலாம். முதல் விஜயந்தாவைப் பூட்டிய தொழிலாளரில் இன்று இருப்போர் எண்பது பிராயத்தைக் கடந்தவர்கள்; அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் வேலையை இம்மாதமே தொடங்கலாம்.