பம்ப் போய்விட்டது என்று யார் சொன்னது?

பழைய டீசல் பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறையில் கேட்கும் வார்த்தைகளிலேயே செலவு பிடித்தது "பம்ப் போயிடுச்சுண்ணே" என்பதுதான். பம்ப்பை இறக்கி, பம்ப்–நாசில் கடையில் கொடுத்து, காலிபரேஷன் பார்த்து, திரும்ப ஏற்றி, டைமிங் வைத்து முடிப்பதற்குள் பல நாள் லோடு வாடகை கரைந்துவிடும். சில வண்டிகளில் பம்ப் உண்மையிலேயே போயிருக்கும். சில வண்டிகளிலோ, டீசல் ஃபில்டர் மாற்றியபோது பழைய வாஷரையே திரும்பப் போட்டதால் லைன் ஏர் இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் அறிகுறி கிட்டத்தட்ட ஒன்றுதான். காலையில் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏற்றத்தில் வண்டி இழுக்காது, சிக்னலில் நின்றால் அணைந்துவிடும்.

எது என்று கண்டுபிடிக்கிற வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம். பழுதைச் சரிசெய்வது வேறு, பழுது எது என்று அறிவது வேறு. முதலாவதில் எல்லோரும் இறங்க வேண்டியதில்லை. இரண்டாவது தெரியாமல் பட்டறைக்குப் போகிறவருக்குச் சட்டம் தந்திருக்கும் பாதுகாப்பும் அரைகுறையாகத்தான் கிடைக்கும். ஏனென்றால் எதைச் சரிசெய்யச் சொல்லி வண்டியை விட்டார் என்பதை அவராலேயே சொல்ல முடியாது.

2005இல் வந்த டாடா ஏஸை, நம் ஊர்ச் சந்தைகளின் குட்டியானையை, எடுத்துக்கொள்வோம். 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், மெக்கானிக்கல் பம்ப். கம்ப்யூட்டர் தொல்லை இல்லாத வண்டி. டீசல் டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபில்டரின் முன்னே கழற்றி, சுத்தமான கேனில் வடிகட்டிய டீசல் ஊற்றி, பம்ப்பைவிட உயரத்தில் கட்டி, அதிலிருந்து ஃபில்டருக்குக் குழாய் கொடுத்து, ஒரு துண்டுக் கண்ணாடிக் குழாயை (டீசல் தாங்கும் பிளாஸ்டிக் குழாய்தான்) ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையில் மாட்டுங்கள். ஏர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, கைப் பம்ப்பை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை ஏர் எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வண்டி ஒழுங்காக ஓடினால் பழுது டேங்குக்கும் ஃபில்டருக்கும் நடுவில்தான்: வெடித்த ரப்பர் ஹோஸ், அடைத்துக்கொண்ட டேங்க் ஜாலி, தளர்ந்த கிளிப். கேன் உயரத்தில் இருந்தும் குழாயில் குமிழி வந்துகொண்டே இருக்கிறதா? நீங்கள் மாட்டிய இணைப்புகளை ஒருமுறை இறுக்கிவிட்டு, ஃபில்டர் வாஷரைப் பாருங்கள். குமிழியும் இல்லை, டீசலும் வருகிறது, ஆனாலும் வண்டி திணறுகிறது என்றால் பம்ப், நாசில், கம்ப்ரஷன் என்று யோசிக்கலாம். ஃபில்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் பிடித்துப் பார்ப்பதையும் விடாதீர்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும்.

புகையும் பேசும். கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் கிளீனரைக் கழற்றுங்கள், பிறகு நாசிலைச் சந்தேகியுங்கள். நீலமாக வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. காலையில் மட்டும் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றால் ஹீட்டர் பிளக்கையோ கம்ப்ரஷனையோ பார்க்க வேண்டும். நாள் முழுக்க வெள்ளை, ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது, ஆயில் ஸ்டிக்கில் பால் டீ நிறம் என்றால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்கலாம், அதற்குமேல் ஓட்டாதீர்கள். பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட், வண்டி ஓடும்போது 14 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே போனால் பேட்டரியோ கேபிளோ செல்ஃப் மோட்டாரோ பலவீனம். டீசல் எஞ்சின் வேகமாகச் சுற்றினால்தான் பிடிக்கும் என்பதால் இந்த ஒரு குறையே "பம்ப் வேலை"யாக வேடம் போடுவதுண்டு.

இதுவரை சொன்னதில் உயிருக்குப் பெரிய ஆபத்தில்லை. இனிச் சொல்வதில் இருக்கிறது.

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டும்; தூக்கிய வண்டியைத் தாங்க அதை நம்பக் கூடாது. பின்பக்கத்தைத் தூக்கும்போது "ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு, கியரில் இருக்கு" என்று அடியில் போகிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இந்த வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். இரண்டும் தரையைவிட்டு எழும்பியபின் அது பிடித்து என்ன பயன்? ஒரு பின்சக்கரம் மட்டும் எழும்பினால் கியரும் கைவிடும். டிஃபரன்ஷியல் இருப்பதால் தொங்கும் சக்கரம் சுற்றிக்கொள்ள, தரையில் இருப்பது உருளும். அதனால் முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். லோடை இறக்குங்கள். கெட்டியான சமதரையில் நிறுத்தி, ஆக்ஸிலுக்கோ சேஸிஸுக்கோ இரும்பு ஸ்டாண்ட் வையுங்கள். ஹாலோ பிளாக் கல்லை முட்டுக் கொடுக்கும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. அந்தக் கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். கழற்றிய சக்கரத்தைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால் எல்லாம் தவறினாலும் ஓர் இடைவெளி மிஞ்சும்.

அடுத்தது அழுத்தம். 2011இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த்திலேயே காமன் ரெயில் எஞ்சின் வந்துவிட்டது. அந்தக் குழாய்களில் டீசல் 1,000 பாருக்கும் மேலே, பல எஞ்சின்களில் 1,600 பார் வரை ஓடும். லாரி டயரில் இருப்பது 8 பார் அளவு. குட்டியானையில் நாசில் நட்டைத் தளர்த்தி எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்கும் பழைய வித்தையை எஞ்சின் ஓடும்போது காமன் ரெயிலில் காட்டினால், கண்ணுக்குத் தெரியாத டீசல் ஊசி தோலைத் துளைத்து உள்ளே போகும். கையுறை தடுக்காது. வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலியும் இருக்காது. உள்ளே சதை செத்துக்கொண்டிருக்கும். மணிக்கணக்கில் தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிவரும். கசிவைத் தேட விரலை ஓட்டாதீர்கள், நீளமான அட்டைத் துண்டைக் காட்டுங்கள். குத்திவிட்டதென்று சந்தேகம் வந்தாலே 108ஐக் கூப்பிட்டு, அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "அதிக அழுத்தத்தில் டீசல் உள்ளே போயிருக்கிறது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். "சின்ன காயம்" என்றால் டிடி ஊசி போட்டு அனுப்பிவிடக்கூடும்.

பெட்ரோல் நனைத்த துணியையோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயையோ காற்றுக் குழாயில் காட்டி எழுப்புவது இன்னொரு வழக்கம். ஹீட்டர் பிளக் காய்ந்திருக்கும் எஞ்சினில் அது மேனிஃபோல்டிலேயே பற்றும், பிஸ்டனையும் உடைக்கும். டர்போ வண்டி ஆயிலைக் குடித்துக்கொண்டு சாவியை எடுத்தபின்னும் கத்திக்கொண்டே போனால், டாப் கியரில் போட்டு, பிரேக்கை அழுத்திக்கொண்டு கிளட்சை விடுங்கள். இல்லையென்றால் பலகையால் காற்று வழியை அடையுங்கள். கையால் அடைக்காதீர்கள். சூடான ரேடியேட்டர் மூடி, மூடிய ஷெட்டில் ஓடும் எஞ்சின், பேட்டரி அருகே பீடி என்பவற்றை நான் விளக்க வேண்டியதில்லை. பிரேக் டிரம் தூசியைக் கம்ப்ரஸர் காற்றால் ஊதாதீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும்.

பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் வீட்டில் பார்க்கலாம், பிரிக்க வேண்டாம் என்பது என் கருத்து. எஞ்சின் நின்றால் வண்டி நிற்கும். பிரேக் நின்றால் வண்டி நிற்காது. எதிரே வருகிறவர் உங்கள் சிக்கனத்துக்குச் சம்மதம் சொன்னவர் அல்ல. பிரேக் ஆயில் குறைந்தால் என்ன ஆயில் கையில் கிடைக்கிறதோ அதை ஊற்றுவதும் வேண்டாம். மினரல் ஆயில் பட்டால் வீல் சிலிண்டர் ரப்பர் ஊதிவிடும்.

உதிரிபாகம் வாங்கும்போது பாக்கெட்டைப் பாருங்கள். தயாரிப்பாளர் பெயர், முகவரி, தயாரித்த மாதம் ஆண்டு, எம்.ஆர்.பி. இவை அச்சாகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் பெயரைப் போலியாகப் போட்டு விற்பது 1999ஆம் ஆண்டு வணிகக் குறியீடுகள் சட்டத்தின் 103ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பார்ட்ஸ் வாங்குவது தவறில்லை. பில் இல்லாமல் வாங்குவதுதான் தவறு, பொருள் திருட்டு வண்டியுடையதாக இருந்தால் விசாரணை உங்கள் வாசலுக்கும் வரும். பழைய எஞ்சினையே முழுதாக வாங்கி ஏற்றினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் எண்ணை மாற்றியாக வேண்டும். ஆர்.சி.யில் ஓர் எண், பிளாக்கில் ஓர் எண் என்றால் எஃப்.சி.யும் சிக்கல், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸும் சிக்கல். வர்த்தக வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும் அதற்குமேல் ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும். அது இல்லாத வண்டி மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி முறையாகப் பதிவான வண்டியாகவே கருதப்படாது. புகை அளவு மீறினால் 190(2)ஆம் பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. கறுப்புப் புகைக்குக் காரணமான ஏர் கிளீனரின் விலையை இதோடு வைத்துப் பாருங்கள்.

இப்போது பட்டறை. வண்டியை விடும்போது கிலோமீட்டர், டீசல் அளவு, சொன்ன புகார், மதிப்பீட்டுத் தொகை இவற்றை எழுதி வாங்குங்கள். பெரிய இடமென்றால் ஜாப் கார்டு, மரத்தடிப் பட்டறையென்றால் வாட்ஸ்அப் செய்தி, இரண்டும் சாட்சியம்தான். "மதிப்பீட்டைத் தாண்டினால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், கழற்றிய பழைய பார்ட்ஸை எனக்கே தாருங்கள்" என்ற இரண்டு வரிகளையும் சேர்த்து எழுதுங்கள். பழைய நாசில் கையில் இல்லாமல் புது நாசில் போட்டார்களா என்ற வழக்கு நிற்காது. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் வண்டியைப் பார்ப்பதுபோல் பட்டறைக்காரர் உங்கள் வண்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதே சட்டத்தின் 170ஆம் பிரிவு அவர் பக்கமும் பேசுகிறது: செய்த வேலைக்கு நியாயமான கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஆகவே பில்லில் தகராறு என்றால் சாவியைப் பிடுங்கப் போகாதீர்கள். "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிப் பணத்தைக் கட்டி, ரசீது வாங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு, பிறகு புகார் செய்யுங்கள்.

எங்கே புகார் செய்வது? "லோடு வண்டிதானே, வியாபாரம், நுகர்வோர் கோர்ட்டுக்கு நீ போக முடியாது" என்று பயமுறுத்துவார்கள். பாதிதான் உண்மை. வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர்; ஆனால் சுயதொழிலால் பிழைப்பதற்காகவே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விளக்கம் தருகிறது. 1995இல் லக்ஷ்மி இன்ஜினியரிங் நிறுவனத்துக்கும் கோவை பி.எஸ்.ஜி. தொழிலகத்துக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. தானே ஓட்டிப் பிழைக்க லாரி வாங்குகிறவர் நுகர்வோர், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போகாது. ஆள் வைத்து மட்டும் ஓட்டுகிறவர் நுகர்வோர் அல்லர். ஆகவே புகார் மனுவில் "இது என் ஒரே வண்டி, நானே ஓட்டுகிறேன், இதுதான் என் பிழைப்பு" என்று முதல் பத்தியிலேயே எழுதி, ஓட்டுநர் உரிமத்தையும் ஆர்.சி.யையும் இணையுங்கள்.

முதலில் பட்டறைக்கோ கடைக்கோ ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம், பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கேயே பேசி முடியும் விஷயங்களும் உண்டு. முடியவில்லையென்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். பட்டறை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. குறை ஏற்பட்ட நாளிலிருந்து இரண்டாண்டுக்குள் போட்டுவிட வேண்டும்.

இதில் எல்லோரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. கோபத்தில் அன்றைக்கே இன்னொரு மெக்கானிக்கிடம் விட்டு, அவர் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டால், முதல் பட்டறை என்ன தவறு செய்தது என்பதற்கான தடயம் அதோடு அழிந்துவிடும். எதிர்த்தரப்பு அதைத்தான் முதலில் பிடித்துக்கொள்ளும். பிரிப்பதற்கு முன் வண்டி திணறுவதை வீடியோ எடுங்கள். பம்ப்பில் பழைய சீல் உடைபடாமல் இருப்பதைப் படமெடுங்கள். பம்ப்–நாசில் கடையின் பெஞ்சில் வைத்துச் சோதித்த அறிக்கையைத் தேதி, கையெழுத்தோடு வாங்குங்கள். "பம்ப் நன்றாக இருக்கிறது" என்று அந்தக் கடைக்காரர் எழுதிக் கொடுக்கும் ஒரு தாள், பம்ப் வேலைக்கென்று நீங்கள் கட்டிய பில்லோடு சேர்ந்தால், ஆணையத்தின் முன் மற்ற எல்லாப் பேச்சையும்விட எடை கூடியது.