பானெட்டுக்கு அடியில் – 17: மைனஸ் 40 டிகிரியில் ஒரு சித்திரை மதியம்

சித்திரை மாதம், மதுரை, மதியம் இரண்டு மணி. பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே சும்மா நின்றாலே சட்டை முதுகில் ஒட்டும். பையன் ஸ்கேனரை என் கையில் கொடுத்துவிட்டுச் சிரித்தான். “அண்ணே, இந்த வண்டி சியாச்சின்லேர்ந்து வந்திருக்கு போல.” திரையில் கூலண்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி என்றிருந்தது. செல்சியஸுக்கு மாற்றிப் பார்த்தான், ஃபாரன்ஹீட்டுக்கு மாற்றிப் பார்த்தான். இரண்டிலும் அதே எண். இரண்டு அளவைகளும் சந்திக்கிற ஒரே புள்ளி அதுதான் என்பது அவனுக்கு அன்றைய பாடம்.

வண்டிக்காரர் பள்ளி ஆசிரியர். எட்டு வருடப் பெட்ரோல் கார். செக் என்ஜின் லைட் எரிகிறது, சாவியைத் திருப்பியதுமே ரேடியேட்டர் விசிறி ஓடுகிறது, மைலேஜ் போச்சு, சைலன்ஸரில் கரும்புகை. வேறோர் இடத்தில் இரண்டு முறை கூலண்ட் வெப்பநிலை சென்சாரை மாற்றியாயிற்று. பழைய இரண்டையும் காகிதத்தில் சுற்றி, அவற்றுக்கான பில்லோடு பத்திரமாக வைத்திருந்தார். “என்ஜின் ஓவர் ஹீட் ஆகுதுன்னு சொன்னாங்க சார். ஆனா ஊசி ஏறவே இல்லியே?” என்றார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. குழப்பத்தின் வேர் ஒரே சொல். 1996-லிருந்து அமெரிக்கா கட்டாயமாக்கிய ஓபிடி-2 முறையில், ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் பழுதுக்கு ஓர் எண் வரும். இந்த வண்டியில் வந்தது பி0118. விளக்கத்தில் ‘சர்க்யூட் ஹை’ என்று இருக்கும். ஹை என்றதும் சூடு அதிகம் என்று படித்துவிட்டார்கள். உண்மையில் அதிகமாயிருப்பது ஒயரிலுள்ள வோல்டேஜ்.

இந்த சென்சாருக்குள் இருப்பது ஒரு சிறு தெர்மிஸ்டர். சூடு ஏற ஏற அதன் மின்தடை இறங்கும். பல கார்களில் 20 டிகிரியில் இரண்டாயிரம் ஓம்ஸுக்கு மேல், 80 டிகிரியில் முந்நூறு ஓம்ஸ் பக்கம். காரின் கம்ப்யூட்டர் தனக்குள்ளிருக்கும் ஒரு ரெஸிஸ்டர் வழியாக 5 வோல்ட்டை அனுப்பி, ஒயரில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்கிறது. என்ஜின் சூடானால் ஒரு வோல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும், குளிர்ந்தால் மூன்றுக்கு மேல். முழு 5 வோல்ட்டும் அப்படியே நின்றால் கரண்ட் எங்கும் ஓடவில்லை என்று அர்த்தம். கம்ப்யூட்டரோ அதை அளவுகடந்த குளிர் என்று எடுத்துக்கொண்டு மைனஸ் 40 காட்டுகிறது, குளிருக்கேற்றபடி பெட்ரோலையும் தாராளமாக ஊற்றுகிறது. சந்தேகம் வந்ததும் எதற்கும் இருக்கட்டுமென்று விசிறியை ஓட விடுகிறது. (சில கம்பெனி கார்கள் இந்த நிலையில் தாமாகவே ஒரு எண்ணைக் கற்பித்துத் திரையில் காட்டும். அங்கே ஸ்கேனரை நம்பினால் ஏமாந்துபோவோம்.)

சென்சாரின் கப்ளரைக் கழற்றினேன். மைனஸ் 40 அசையவில்லை. கப்ளரின் இரண்டு பின்களையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தேன். ஒயரிங் நன்றாக இருந்தால் எண் 130-ஐத் தாண்டி எகிற வேண்டும். எகிறவில்லை. அந்த நிமிடமே சென்சார் நிரபராதி. அதைக் கழற்றி வைத்த பிறகும் பழுது இருக்கிறதே! இந்தச் சோதனை இரண்டு ஒயர் சென்சாருக்கு மட்டும்தான். மூன்று ஒயர் சென்சாரில் இப்படிச் செய்து கம்ப்யூட்டரைப் புகைய விட்டவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து மல்டிமீட்டர். சிக்னல் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவே 5 வோல்ட் காட்டியது. அதே சிக்னல் பின்னுக்கும் பக்கத்து எர்த் பின்னுக்கும் நடுவே பூஜ்யம். போகிற வாய்க்கால் சரி, திரும்புகிற வாய்க்காலில்தான் உடைப்பு.

எங்கே என்பதுதான் மிச்சம். இந்த வண்டியில் அந்த எர்த் ஒயர், ஹார்னஸுக்குள் பிரிந்து வேறு இரண்டு சென்சார்களுக்கும் போகிறது. அவற்றில் எந்தக் குறையுமில்லை. அப்படியானால் அறுந்த இடம் பிரிவுக்கு இந்தப் பக்கம்தான், ஒன்றரை அடிக்குள். முழு ஹார்னஸையும் பிரித்துப் போட வேண்டிய வேலை மிச்சமாயிற்று. டேப்பை உரித்து, எலி கடித்திருக்குமோ என்று பையன் டார்ச் அடித்துத் தேடினான். ஒயரின் தோல் புத்தம்புதிதுபோல இருந்தது. விரலால் நகர்த்தி நகர்த்தி இழுத்துப் பார்க்கச் சொன்னேன். கப்ளரிலிருந்து நாலு விரல் தள்ளி ஓரிடத்தில் ரப்பர் மாதிரி நீண்டது. உள்ளே செம்பு அறுந்திருந்தால்தான் அப்படி நீளும். தோலைக் கீறினால் பச்சைக் களிம்பு.

புது ஒயர்த் துண்டு, சால்டர், அதன் மேல் ஷ்ரிங்க் டியூப். செலவு ஒரு டீ, வடைக்குள் அடங்கும். சாவியைத் திருப்பியதும் விசிறி அமைதியாக இருந்தது. திரையில் 41 டிகிரி.

வாத்தியாருக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. காகிதத்தைப் பிரித்து அந்தப் பழைய சென்சார்கள் இரண்டையும் நீட்டினார். டீக்கடையிலிருந்து ஒரு டம்ளர் கொதிநீர் வாங்கி வரச் சொல்லி, ஒவ்வொன்றாக முனையை முக்கி மீட்டரை வைத்தேன். ஆயிரத்துச் சொச்சத்திலிருந்து எண்கள் மளமளவென்று இறங்கின, இரண்டிலும். அவர் பில்லை எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

(தொடரும்)