சீக்கிரம் வந்தாலும் பெனால்டி!

கார் பந்தயம் என்றதும் மெட்ராஸ்காரர்கள் பலருக்கு சோழவரம்தான் ஞாபகம் வரும். போர்க்கால விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய இடம். அங்கே பந்தயம் நடத்திய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் ஆரம்பித்தது.

ஆனால், கார் கிளப்புகள் நடத்தும் டி.எஸ்.டி. ராலி வேறு ரகம் சார்! பந்தயக் கார் வேண்டாம். ஆபீஸுக்குப் போகிற அதே மாருதி போதும். நேரம், வேகம், தூரம்... எல்லாமே கணக்கு.

நிமிஷத்துக்கு ஒரு கார் கிளம்பும். ஓட்டுபவருக்குப் பக்கத்தில் நேவிகேட்டர் ஆசாமி, மடியில் ரோடு புக். புள்ளியில் நுழை, அம்புக்குறியில் வெளியேறு என்று ஒவ்வொரு சந்திப்புக்கும் குட்டிப் படம். ஹாலந்தின் ட்யூலிப் ராலியிலிருந்து வந்ததால் அதற்குப் பெயரே 'ட்யூலிப்'!

சராசரி வேகம் மணிக்கு 36 கி.மீ. என்றால், கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. ஆட்டு மந்தை 2 நிமிஷம் மறித்தால் 1.2 கி.மீ. கடன். 45-ல் விரட்டினால் 8 நிமிஷத்தில் அடையும். அதற்கு மேலும் விரட்டினால் போச்சு! கண்ட்ரோல் எங்கே ஒளிந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? லேட்டுக்கும் பெனால்டி, சீக்கிரம் வந்தாலும் பெனால்டி. பல ராலிகளில் சீக்கிரத்துக்குத்தான் தண்டனை ஜாஸ்தி.

ஆக, 'மிதிடா மச்சான்' என்பவரைவிட 'மெதுவா போடா' என்பவர்தான் தேவை. லெஃப்ட் என்று சொல்லிவிட்டு வலது பக்கம் கை காட்டினால் பத்து வருஷ நட்பு அம்பேல்! 'வழி தப்பிட்டோம்' என்று ஒப்புக்கொள்ள யோசிக்கிற நேரத்தில்தான் கோப்பை கை நழுவுகிறது. டீக்கடையில் கேட்டும் பிரயோஜனமில்லை.

"எங்கே போகணும் தம்பி?" என்பார் கடைக்காரர்.

அதுதானே இவர்களுக்கே தெரியாது!